தூக்கத்துக்கு ஒரு பத்திரிகை

காலை ஏழு மணிக்குத் தாதர் ஸ்டேஷனில் நின்று பார்த்தால், இரவு டூட்டி முடிந்து திரும்புகிறவர்களைத் தனியாக அடையாளம் கண்டுகொள்ளலாம். கண் சிவந்திருக்கும். முகத்தில் எண்ணெய் வழியும். தோள் பையில் காலி டிபன் டப்பா ஆடும். வாட்ச்மேன்கள், ஆஸ்பத்திரி வார்டு ஊழியர்கள், பார்சல் ஆபீஸ் குமாஸ்தாக்கள் என்று பலரும் இருப்பார்கள். அந்தக் கூட்டத்தில் தமிழ்க் குரல்கள் நிறையவே கேட்கும்.

தாராவியில் உள்ள அறைக்குப் போய்ப் படுத்தால் உடனே தூக்கம் வந்துவிடாது. குழாயில் தண்ணீர் வரும் நேரம் அதுதான். பிள்ளைகள் பள்ளிக்கூடம் கிளம்பும் நேரமும் அதுதான். பத்து மணிக்கு மேல் கண்ணயர்ந்து, மூன்று மணிக்கு எழுந்துவிடுவார்கள். "ஐந்து மணி நேரத் தூக்கம் போதுமா?" என்று கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும்: "பழகிப் போச்சு சார்."

தூக்கக் குறைவு மனிதனுக்குப் பழகிப் போகிறதா? இந்தக் கேள்வியை அமெரிக்காவில் ஒரு பரிசோதனைக் கூடத்தில் முறைப்படி ஆராய்ந்து பார்த்தார்கள். முடிவு 2003-ம் ஆண்டு ஒரு பத்திரிகையில் வெளியாயிற்று. பத்திரிகையின் பெயர் 'ஸ்லீப்'. தமிழில் சொன்னால் 'தூக்கம்'. அதில் தொடர்கதையும் கிடையாது, சினிமாச் செய்தியும் கிடையாது. முழுக்க முழுக்கத் தூக்கத்தைப் பற்றிய ஆராய்ச்சிக் கட்டுரைகள்தான். அட்டையைக்கூடப் பார்த்திராத கோடிக்கணக்கான மக்களின் வாழ்க்கையை அது தொட்டிருக்கிறது.

சிதறிக் கிடந்த விஷயம்

தூக்கம் என்றால் விளக்கை அணைப்பது போல மூளை அணைந்து கிடப்பது என்றுதான் வெகு காலம் நினைத்து வந்தார்கள். சிகாகோ பல்கலைக்கழகத்தில் யூஜின் அசெரின்ஸ்கி என்ற ஆராய்ச்சி மாணவர், தூங்குகிறவர்களின் கண் அசைவைப் பதிவு செய்து பார்த்தார். சொந்த மகனையே கருவியின் அருகில் படுக்க வைத்தும் சோதித்தார். இரவில் சில நேரங்களில், மூடிய இமைக்குள் விழிகள் விறுவிறுவென்று ஓடுவதைக் கண்டார். அந்தச் சமயத்தில் எழுப்பினால் பெரும்பாலோர் கனவு கண்டதாகச் சொன்னார்கள். அவரும் அவருடைய பேராசிரியர் நதானியேல் கிளைட்மனும் 1953-ம் ஆண்டு இதைக் கட்டுரையாக வெளியிட்டார்கள். தூங்கும் மூளையும் வேலை செய்கிறது என்பது அதோடு நிலைபெற்றது.

ஆனால் அப்போது தூக்கத்துக்கென்று தனி இடம் இல்லை. ஒரு கட்டுரை நரம்பு மருத்துவப் பத்திரிகையில் வரும். இன்னொன்று மனநோய்ப் பத்திரிகையில் வரும். குறட்டையும் மூச்சுத் திணறலும் நுரையீரல் டாக்டர்களின் விவகாரம். ஒருவர் கண்டுபிடித்தது அடுத்தவருக்குத் தெரியாமல் போகும். ஒரே கேஸைப் பற்றிய காகிதங்கள் நாலு செக்ஷனில் நாலு பைலில் கிடந்தால் ஆபீஸில் என்ன நடக்குமோ, அதுதான் அங்கேயும் நடந்தது.

பைல்களை ஒன்று சேர்க்கும் வேலை 1978-ம் ஆண்டு தொடங்கியது. அந்த ஆண்டுதான் 'ஸ்லீப்' பிறந்தது. பொறுப்பேற்றவர்களில் முக்கியமானவர் பிரான்சில் பிறந்து அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய டாக்டர் கிறிஸ்டியன் கில்லமினோ. அவருக்குத் துணையாக நின்றவர் கிளைட்மனின் மாணவர் டாக்டர் வில்லியம் டிமென்ட். இருவரும் இப்போது உயிரோடு இல்லை. கில்லமினோ 2019-லும் டிமென்ட் 2020-லும் மறைந்தார்கள்.

அடுத்த ஆண்டே, அதாவது 1979-ல், தூக்கக் கோளாறுகள் அனைத்துக்கும் பெயர் வைத்து, வகை பிரித்து, ஒரு பட்டியலை அந்தப் பத்திரிகை வெளியிட்டது. தூக்கம் வராத நோய் வேறு, அளவுக்கு மீறித் தூங்கும் நோய் வேறு, தூங்கும் நேரம் முறை தவறிப் போகும் நோய் வேறு என்று வரிசைப்படுத்தியது. பெயர் வைத்த பிறகுதான் நோய்க்கு மரியாதை. அதுவரை 'சோம்பேறி' என்றும் 'தூங்குமூஞ்சி' என்றும் பட்டம் வாங்கியவர்களில் பலர் நோயாளிகள் என்று உலகம் ஒப்புக்கொள்ள அந்தப் பட்டியல் வழி செய்தது.

இப்படிப்பட்ட பத்திரிகையில் கட்டுரை வெளியாவது எளிதல்ல. குமாஸ்தா எழுதும் நோட் மேலதிகாரிகளிடம் போய், குறிப்புகளோடு திரும்பி வந்து, மறுபடி திருத்தி வைக்கப்படுவது போல, கட்டுரையும் அதே துறை தெரிந்த வேறு விஞ்ஞானிகளிடம் போகும். அவர்கள் குறை கண்டால் திரும்பி வரும். ஆறிலொரு பங்கு சந்தேகம் இருந்தாலும் கேள்வி வரும். அந்தச் சோதனையைத் தாண்டியதுதான் அச்சுக்குப் போகும்.

எட்டே எட்டுக் கேள்விகள்

இந்தப் பத்திரிகையில் வெளிவந்த கட்டுரைகளில் உலகெங்கும் அதிகமாக எடுத்தாளப்பட்டவற்றில் ஒன்று, ஆறு பக்கம் மட்டுமே கொண்டது. 1991-ம் ஆண்டு வந்தது. எழுதியவர் ஆஸ்திரேலியாவில் மெல்போர்ன் நகரத்து எப்வொர்த் மருத்துவமனையில் பணியாற்றிய டாக்டர் மர்ரே ஜான்ஸ்.

ஒருவருக்குப் பகலில் தூக்கம் எவ்வளவு அழுத்துகிறது என்று அளக்க அதுவரை ஒரு நாள் முழுக்கப் பரிசோதனைக் கூடத்தில் வைத்து, தலையில் கம்பிகள் ஒட்டிப் பார்க்க வேண்டியிருந்தது. செலவும் அதிகம், இடமும் குறைவு. ஜான்ஸ் ஒரு காகிதத்தில் எட்டுச் சூழ்நிலைகளை எழுதினார். உட்கார்ந்து படிக்கும்போது, டெலிவிஷன் பார்க்கும்போது, பிறர் ஓட்டும் காரில் ஒரு மணி நேரம் போகும்போது, சாப்பிட்ட பிறகு சும்மா உட்கார்ந்திருக்கும்போது என்று இப்படி எட்டு. ஒவ்வொன்றிலும் கண்ணயர எவ்வளவு வாய்ப்பு என்று பூஜ்யம் முதல் மூன்று வரை மார்க் போட வேண்டும். மொத்தம் 24. பத்துக்கு மேல் போனால் டாக்டரைப் பார்க்க வேண்டியதுதான்.

இதைச் சரிபார்க்க அவர் எடுத்துக்கொண்டவர்கள் 180 பேர். அவர்களில் 30 பேர் ஆரோக்கியமானவர்கள், 150 பேர் நோயாளிகள். காகிதமும் பேனாவும் தவிர வேறு செலவில்லை. அதனால்தான் அது தேசம் தேசமாகப் பரவியது. பல மொழிகளில் மாற்றப்பட்டது. பிறகு வந்த ஆராய்ச்சிக் கட்டுரைகளில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவை அதை எடுத்துக்காட்டியுள்ளன. தூக்கச் சிகிச்சைக்குப் போகிற ஒருவர் கையில் இந்தக் கேள்வித்தாளைக் கொடுப்பது இன்று உலகம் முழுக்க வழக்கமாகிவிட்டது.

குறட்டைக்கும் இதே பத்திரிகையில்தான் அளவுகோல் வந்தது. தூக்கத்தில் தொண்டை அடைத்து மூச்சு நின்று நின்று வருவது ஒரு நோய். எத்தனை தடவை நின்றால் நோய்? 1999-ம் ஆண்டு நிபுணர் குழு ஒன்று இதில் வரையறை கொடுத்தது. மூச்சு நிற்பதும் குறைவதுமாக மணிக்கு 5 முதல் 15 தடவை என்றால் லேசு. 15 முதல் 30 என்றால் நடுத்தரம். 30-க்கு மேல் கடுமை. ஆஸ்பத்திரி ரிப்போர்ட்டில் இந்த எண்களை இன்றும் காணலாம்.

கைக்கடிகாரம் போல் கட்டிக்கொண்டு தூங்கிய நேரத்தைக் கணக்கிடும் கருவிகள் இப்போது கடைத் தெருவில் சாதாரணமாகிவிட்டன. மணிக்கட்டின் அசைவை மட்டும் வைத்து, ஆள் தூங்குகிறாரா விழித்திருக்கிறாரா என்று கணிக்கும் கணக்கு முறை ஒன்று 1992-ல் இதே 'ஸ்லீப்' பத்திரிகையில் வெளியாயிற்று. பின்னால் வந்த எத்தனையோ ஆராய்ச்சிகளுக்கு அது அடிப்படையாக இருந்தது.

விடியற்காலை இரண்டு முதல் ஏழு

1988-ம் ஆண்டு வந்த ஓர் அறிக்கை, இரவு வேலை செய்கிறவர்கள் ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ள வேண்டியது. விபத்துகளுக்கும் தூக்கத்துக்கும் என்ன சம்பந்தம் என்று ஆராய விஞ்ஞானிகள் குழு ஒன்று உட்கார்ந்தது. வாகன விபத்துகள், தொழிற்சாலைத் தவறுகள், நோயாளிகள் இறக்கும் நேரங்கள் ஆகியவற்றையெல்லாம் கடிகாரத்தின் மேல் வைத்துப் பார்த்தார்கள். இரவு 2 மணி முதல் காலை 7 மணி வரை ஓர் ஆபத்தான நேரம் என்று தெரிந்தது. பிற்பகல் 2 மணி முதல் 5 மணி வரை அதைவிடச் சிறிய இன்னோர் ஆபத்து நேரம் உண்டு.

அமெரிக்காவில் திரீ மைல் ஐலண்ட் அணுமின் நிலைய விபத்து 1979-ம் ஆண்டு மார்ச் 28-ம் தேதி அதிகாலை நான்கு மணிக்குத் தொடங்கியது. சோவியத் யூனியனில் செர்னோபில் அணு உலை 1986-ம் ஆண்டு ஏப்ரல் 26-ம் தேதி இரவு ஒன்றே கால் மணி தாண்டி வெடித்தது. இவற்றுக்கு இயந்திரக் கோளாறும் அமைப்புக் குறைகளும் காரணங்கள். தூக்கத்தின் மேல் மட்டும் பழி போட முடியாது. ஆனாலும் தவறைத் திருத்த வேண்டிய மனித மூளை தன் பலவீனமான நேரத்தில் இருந்தது என்பதை மறக்கக் கூடாது என்றது அந்தக் குழு.

மூளைக்கு ஏன் அப்படி ஒரு நேரம்? உடம்புக்குள் ஒரு கடிகாரம் ஓடுகிறது. வெளிச்சத்தைப் பார்த்துத் தன்னைச் சரிசெய்துகொள்ளும் கடிகாரம் அது. கிளைட்மன் 1938-ம் ஆண்டு ஒரு மாணவரை அழைத்துக்கொண்டு கென்டக்கி மாநிலத்துக் குகை ஒன்றில் 32 நாள் தங்கி, நாளுக்கு 28 மணி நேரம் என்று வாழ்ந்து பார்த்தார். மாணவரின் உடம்பு ஓரளவு ஒத்துழைத்தது. கிளைட்மனின் உடம்பு 24 மணிக் கணக்கை விடவே இல்லை. இந்த வகை ஆராய்ச்சியில் தமிழ்நாட்டுக்கும் பங்கு உண்டு. மதுரை காமராஜர் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் எம்.கே. சந்திரசேகரன், வெளி உலகின் நேரம் தெரியாதபடி மனிதர்களைத் தங்க வைத்து ஆராயும் தனி அறையை அமைத்தார். டூட்டி சார்ட்டில் இரவு என்று எழுதிவிடலாம். உடம்புக் கடிகாரம் அந்த சார்ட்டைப் படிப்பதில்லை.

பதினாலு நாள் சோதனை

இப்போது முதலில் கேட்ட கேள்விக்கு வரலாம். பிலடெல்ஃபியா நகரத்துப் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் ஹான்ஸ் வான் டாங்கன், டேவிட் டிங்கஸ் முதலியோர் நடத்திய சோதனை அது. 21 வயது முதல் 38 வயது வரை உள்ள ஆரோக்கியமான 48 பேரைச் சேர்த்தார்கள். ஒரு பிரிவினருக்கு இரவில் 8 மணி நேரம் படுக்கை. அடுத்த பிரிவுக்கு 6 மணி நேரம். மூன்றாம் பிரிவுக்கு 4 மணி நேரம். இப்படி 14 நாள். நாலாவது பிரிவினரை மூன்று நாள் தூங்கவே விடவில்லை.

விழித்திருக்கும் நேரத்தில் அடிக்கடி ஒரு பரீட்சை. திரையில் அடையாளம் தெரிந்தவுடன் பட்டனை அழுத்த வேண்டும். அவ்வளவுதான். அரை விநாடிக்கு மேல் தாமதித்தால் கவனம் தவறியதாகக் கணக்கு.

8 மணி நேரம் படுத்தவர்கள் ஏறக்குறைய நிலையாக இருந்தார்கள். 6 மணி நேரக்காரர்களும் 4 மணி நேரக்காரர்களும் நாளுக்கு நாள் சரிந்தார்கள். சரிவு ஓரிடத்தில் நிற்கவில்லை. பதினாலாம் நாள் பார்த்தால், ஒன்றிரண்டு இரவு கண்ணே மூடாதவர்கள் செய்யும் அளவுக்கு இவர்களும் தவறு செய்துகொண்டிருந்தார்கள்.

இதைவிட முக்கியமான செய்தி இன்னொன்று. "உங்களுக்குத் தூக்கம் எவ்வளவு அழுத்துகிறது?" என்று அவர்களிடமே கேட்டுக் குறித்து வந்தார்கள். முதல் சில நாள் அதிகம் என்றார்கள். பிறகு பெரிதாக ஏறவில்லை. தவறு கூடிக்கொண்டே போனது. தவறுகிறோம் என்ற உணர்வு கூடவில்லை. அதாவது, பழகிப் போனது தூக்கக் குறைவு அல்ல. அதை அறியும் புலன்தான் மழுங்கிப் போனது. குடித்தவன் "நான் தெளிவாகத்தான் இருக்கிறேன்" என்று சொல்வதற்கும் இதற்கும் அதிக தூரமில்லை.

மனிதருக்கு மனிதர் வித்தியாசம் உண்டு என்பதையும் சொல்ல வேண்டும். தூக்கம் குறைந்தால் சிலர் சீக்கிரம் தளர்வார்கள், சிலர் தாங்குவார்கள். அது அவரவர் இயல்போடு ஒட்டியது என்று 2004-ல் அதே பத்திரிகையில் இன்னொரு கட்டுரை வந்தது. ஆனால் தாங்குகிறவர் யார் என்பதை அவரவர் வாய்ச்சொல்லை வைத்துத் தீர்மானிக்க முடியாது. ஜான்ஸின் எட்டுக் கேள்விகளும் "எப்படி இருக்கிறது?" என்று கேட்பதில்லை, "எங்கே கண்ணயர்வீர்கள்?" என்றுதான் கேட்கின்றன என்பது குறிப்பிடத்தக்கது. உணர்வு ஏமாற்றலாம்; சாய்ந்த தலை ஏமாற்றாது.

பத்திரிகைக்கும் ஒரு மார்க்

இவ்வளவு செய்த பத்திரிகையின் மதிப்பை எப்படி அளப்பது? விஞ்ஞானப் பத்திரிகைகளுக்கென்று ஒரு மார்க் முறை உண்டு. 'இம்பாக்ட் ஃபாக்டர்' என்பார்கள். தாக்கக் காரணி என்று தமிழில் சொல்கிறார்கள். இதற்கு வித்திட்டவர் யூஜின் கார்ஃபீல்ட். அவருடைய நிறுவனமும் அதே பிலடெல்ஃபியா நகரத்தில்தான் இருந்தது.

கணக்கு சுலபம். ஒரு பத்திரிகை இரண்டு ஆண்டுகளில் 500 கட்டுரை வெளியிட்டது என்று வைத்துக்கொள்வோம். மூன்றாம் ஆண்டில் மற்ற கட்டுரைகள் அந்த 500-ஐ மொத்தம் 2,500 தடவை எடுத்துக்காட்டினால், 2,500-ஐ 500-ஆல் வகுக்க வேண்டும். மார்க் 5. 'ஸ்லீப்' பத்திரிகையின் மார்க் 2017 முதல் 2023 வரை நாலரைக்கும் ஆறரைக்கும் இடையில் இருந்தது. தூக்க ஆராய்ச்சி போன்ற சிறிய துறைக்கு அது நல்ல மார்க்.

கணக்கில் இருக்கும் ஓட்டையைக் கவனிக்க வேண்டும். முந்தைய இரண்டு ஆண்டுக் கட்டுரைகளுக்கு மட்டும்தான் மார்க். ஆகவே 1991-ன் எட்டுக் கேள்விகளை இந்த ஆண்டு ஆயிரம் பேர் எடுத்துக்காட்டினாலும் பத்திரிகையின் இந்த ஆண்டு மார்க்கில் ஒரு புள்ளி ஏறாது. 2003-ன் பதினாலு நாள் சோதனைக்கும் அதே கதி. பத்திரிகை செய்த மிகப் பெரிய வேலைகள் அதன் மார்க்கிலேயே இல்லை.

எந்தப் பத்திரிகையை வாங்குவது என்று நூலகங்கள் தீர்மானிக்க உதவிய கணக்கு அது. நாளடைவில், அதில் எழுதிய விஞ்ஞானிக்கு வேலை கொடுப்பதா, பிரமோஷன் கொடுப்பதா என்று தீர்மானிக்கும் கருவியாகிவிட்டது. ஆபீஸில் ஆண்டுக்கொரு முறை எழுதப்படும் அறிக்கையில் ஒரு மனிதனின் முப்பது ஆண்டு உழைப்பு அடங்குமா? அதே குறைதான் இங்கேயும். 2012-ல் சான் பிரான்சிஸ்கோவில் கூடிய விஞ்ஞானிகளும் பத்திரிகை ஆசிரியர்களும், தனி மனிதரின் தகுதியை இந்த எண்ணால் அளக்கக் கூடாது என்று பிரகடனமே தயாரித்தார்கள்.

சரியான மார்க் வேறு இடத்தில் போடப்படுகிறது. டாக்டரின் மேசை மேல் கிடக்கும் கேள்வித்தாளில் அது இருக்கிறது. ஆஸ்பத்திரி ரிப்போர்ட்டில் இருக்கிறது. என்ஜினில் ஓட்டுநர் விழித்திருக்கிறாரா என்று விடாமல் சோதிக்கும் கருவி எதற்கு என்று கேட்டால், கிடைக்கும் பதிலிலும் இருக்கிறது. நல்ல ஓட்டுநருக்கும் அதிகாலை நான்கு மணி உண்டு என்பதுதான் அந்தப் பதில்.

பக்கத்துப் படுக்கைக்காரர் சொல்வார்

வயது வந்தவர்கள் நாளுக்கு 7 மணி நேரமாவது தூங்க வேண்டும் என்று 2015-ம் ஆண்டு நிபுணர் குழு ஒன்று இதே பத்திரிகையில் அறிவித்தது. படிப்பதற்கு நன்றாக இருக்கிறது. பத்துக்குப் பத்து அறையில் நாலு பேர் முறை வைத்துப் படுக்கும் இடத்தில், பகலில் 7 மணி நேரத்துக்கு எங்கே போவது? வீட்டு வாடகையையும் ஓவர்டைம் பணத்தையும் ஷிப்டு மாற்றத்தையும் எந்த விஞ்ஞானப் பத்திரிகையாலும் சரிசெய்ய முடியாது.

ஆனாலும் கையில் இருப்பதைச் செய்யலாம். ஜன்னலுக்குக் கறுப்புத் துணி போட்டால் உடம்புக் கடிகாரம் சற்று ஏமாறும். விட்டுப் போன தூக்கத்தை வார விடுமுறையில் கொஞ்சமாவது ஈடுகட்டலாம். அதிகாலை இரண்டு மணிக்கு மேல் கணக்குக் கூட்டினால் இரண்டு தடவை சரிபார்க்கலாம். டூட்டி முடிந்து திரும்பும்போது ஸ்கூட்டரை விட்டுவிட்டு ரயிலில் வரலாம். பலத்த குறட்டை விட்டு, நடுவில் மூச்சு நின்று, பகலெல்லாம் தூங்கி வழிகிறவர் டாக்டரிடம் போகலாம்.

எல்லாவற்றுக்கும் மேலாக, தன் தூக்கத்தைப் பற்றித் தன்னிடம் மட்டும் கேட்காமல் இருக்கலாம். மனைவியைக் கேட்கலாம். அறையில் பக்கத்துப் படுக்கையில் இருப்பவரைக் கேட்கலாம். பேசிக்கொண்டிருக்கும்போதே கண் சொக்கியது எத்தனை தடவை, ஸ்டேஷன் தாண்டிப் போய் இறங்கியது எத்தனை தடவை என்று அவர்களுக்குத் தெரியும்.

நாளைக் காலையும் தாதர் பிளாட்பாரத்தில் அந்தக் கூட்டம் இறங்கும். "பழகிப் போச்சு சார்" என்று சிரித்துக்கொண்டே யாராவது சொல்வார்கள். அவர் பொய் சொல்லவில்லை. அவருக்கே தெரியாது, அவ்வளவுதான். அதைத் தெரியப்படுத்த 48 பேரில் பெரும்பாலோர் ஒரு பரிசோதனைக் கூடத்தில் நாள் கணக்கில் தூக்கத்தை விட்டுக் கொடுத்தார்கள்.